இயற்கை ஹார்மோன்தானே, எதற்குப் பயம்?

கேள்வி: எனக்கு வயது 49. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. பகலில் ஐந்தாறு தடவை மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறி, வேர்த்துக் கொட்டி, கடைசியில் குளிரெடுக்கிறது. ராத்திரியில் எழுந்து நைட்டியை மாற்ற வேண்டியிருக்கிறது, தூக்கம் போச்சு. டாக்டர் ஈஸ்ட்ராடயால் ஜெல் எழுதிக்கொடுத்து, “இது இயற்கை ஹார்மோன், உங்கள் உடம்பில் இருந்ததுதான்” என்றார். கூடவே ராத்திரி போட ஒரு புரோஜெஸ்ட்ரோன் கேப்சூல். என் அக்கா (ஓய்வுபெற்ற டீச்சர்) “ஹார்மோன் எடுத்தால் மார்பில் கேன்சர் வரும், தொடாதே” என்கிறார். இயற்கையானது என்றால் கேன்சர் ஏன் வர வேண்டும்? கேன்சர் வரும் என்றால் டாக்டர் ஏன் எழுத வேண்டும்? தோலில் தடவுகிற மருந்துக்குத் துணையாக வாயில் போட ஒரு கேப்சூல் எதற்கு?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, தாராபுரம்

பதில்: முதல் இரண்டு கேள்விகளையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கவிட்டிருக்கிறீர்கள், ரசித்தேன். மூன்றாவது அதைவிட நல்ல கேள்வி. பலர் அதைக் கேட்பதே இல்லை. ஜெல்லைத் தவறாமல் தடவிக்கொண்டு, ‘இது வேறு எதற்கு’ என்று கேப்சூலை மட்டும் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ‘இயற்கை’யைப் பார்த்துவிடுவோம்.

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அதில் நமக்கு வேண்டியவர்கள் மூவர். சினைப்பை (கருமுட்டை விளைகிற உறுப்பு) சுரப்பது ஈஸ்ட்ராடயால்; மூவரில் வீரியம் மிக்கது. கொழுப்புத் திசுவில் உருவாவது ஈஸ்ட்ரோன். மாதவிலக்கு நின்றபின் உடம்பில் மிஞ்சுவது பெரும்பாலும் இதுதான். கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ஏராளமாக வருவது ஈஸ்ட்ரியால். மூவரில் இதுதான் சாது.

உங்கள் ஜெல்லில் இருக்கும் ஈஸ்ட்ராடயாலை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் டாய்சி. 1930களின் நடுவில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் இறைச்சிக்கூடங்களிலிருந்து சுமார் 4 டன் பன்றிச் சினைப்பைகளைத் திரட்டி, வடித்து, சுண்டக் காய்ச்சி, கடைசியில் கண்டது ஏறத்தாழ 12 மில்லிகிராம். உங்களுக்கு நாளுக்கு 1.5 மில்லிகிராம் எழுதியிருந்தால், அந்த நாலு டன்னும் எட்டே நாளைக்குத்தான் வரும். இப்போது யாரும் பன்றியைத் தேடிப் போவதில்லை. சோயா, காட்டுவள்ளி போன்ற செடிகளில் கிடைக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளை எடுத்து, தொழிற்சாலையில் பல படிகளில் மாற்றி ஈஸ்ட்ராடயால் ஆக்குகிறார்கள். செய்து முடித்ததும் அது உங்கள் சினைப்பை சுரந்த அதே மூலக்கூறு; ஓர் அணுகூட வித்தியாசம் கிடையாது. டாக்டர் ‘இயற்கை’ என்றது இந்தப் பொருளில்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரீமரின் என்ற மாத்திரை சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. தோற்றத்தைப் பார்த்தால் இதைவிட இயற்கை வேறு எது? ஆனால் அதில் ஈக்விலின் போன்ற குதிரை ஈஸ்ட்ரோஜன்களும் கலந்திருக்கின்றன. அவை எந்தப் பெண்ணின் உடம்பிலும் ஊறியவை அல்ல. தொழிற்சாலையில் செய்தது மனுஷியின் ஹார்மோன், உயிரிலிருந்து எடுத்தது குதிரையின் ஹார்மோன் என்று ஆகிவிட்டது. ‘இயற்கை’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த ஒரு ஜோடி போதும்.

சரி, நம் உடம்பிலேயே ஊறியது கெடுதல் செய்யுமா? செய்யும். பத்து வயதிலேயே பூப்பெய்தி, ஐம்பத்தைந்து வரை மாதவிலக்கு வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். மாதவிலக்கு நின்றபின் உடல் பருத்தவர்களுக்கும் அப்படியே; கொழுப்பு ஈஸ்ட்ரோன் செய்துகொண்டே இருக்கிறது. இவர்களில் யாரும் ஒரு மாத்திரையும் விழுங்கியிருக்க வேண்டியதில்லை. மார்பிலும் கர்ப்பப்பையிலும் உள்ள செல்களைப் பெருகச் சொல்வதுதான் ஈஸ்ட்ரோஜனின் வேலை. பெருகுகிற இடத்தில் எப்போதாவது ஒன்று தறிகெட்டுப் போகும். ஏற்கெனவே தறிகெட்டது ஒன்று ஒளிந்திருந்தால் அதற்கும் தீனி கிடைக்கும். ஹார்மோன் எங்கிருந்து வந்தது என்று செல் விசாரிப்பதில்லை. எவ்வளவு, எத்தனை காலம், கூட யார் என்பதுதான் அதற்குக் கணக்கு.

‘எவ்வளவு’ என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வந்த நாட்களில், மாதத்தின் நடுவில் கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன், ரத்தத்தில் ஈஸ்ட்ராடயால் ஒரு மில்லிலிட்டருக்கு 200 முதல் 400 பிக்கோகிராம்வரை ஏறும். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கியதில் ஒன்று. இப்போது உங்களுக்கு அது 20க்கும் கீழே இருக்கும். வழக்கமான அளவில் ஜெல் தடவினால், மாதவிலக்கு முடிந்த கையோடு முன்பெல்லாம் இருந்த அளவை ஒட்டி நிற்கும். இருபத்தைந்து வயதைத் திருப்பித் தருகிற அளவு அல்ல. அனலை அடக்குகிற அளவு.

அந்த அனலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “உடம்பில் சூடு ஏறிப்போச்சு” என்று வெந்தயமும் இளநீரும் கொடுப்பார்கள். கெடுதல் இல்லை, குடியுங்கள். ஆனால் நடப்பது வேறு. மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. உடல் வெப்பத்தைக் காவல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. அங்குள்ள ஒரு நரம்புக் கூட்டத்தை இத்தனை வருடமும் ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்தது. அது குறைந்ததும் அந்த நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துள்ளுகின்றன. வெப்பம் இம்மி கூடினாலும் ‘அபாயம், வெளியே தள்ளு’ என்று கட்டளை போகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்க்கிறது, உள்சூடு வெளியே போய்விடுகிறது. கடைசியில் நீங்கள் நடுங்குவது அதனால்தான். குறைந்த ஹார்மோனைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் நரம்புகள் அடங்குகின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், போலி மாத்திரை (மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு அனல் முக்கால்வாசி குறைந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், போலி மாத்திரை எடுத்தவர்களுக்குமே ஆரம்பத்தில் இருந்ததைவிடப் பாதிக்குமேல் குறைந்தது. பக்கத்து வீட்டம்மா சொன்ன கஷாயம் ‘நன்றாகக் கேட்டது’ என்று பலர் சாதிப்பதன் ரகசியம் இதில் பெருமளவு இருக்கிறது.

இனி உங்கள் அக்காவின் பயம். அது எங்கிருந்தோ கிளம்பிய வதந்தி அல்ல, தேதி சொல்லலாம். 2002 ஜூலை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்திய ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் என்ற செயற்கைத் துணை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை; மறுபாதிக்குப் போலி மாத்திரை. சராசரியாக ஐந்து வருடம் ஓடியிருந்தபோது, மருந்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. பெண்கள் பலர் டாக்டர்களைக் கேட்காமலேயே மாத்திரைகளைக் குப்பையில் போட்டார்கள்.

26 சதவீதம் என்றால் நூற்றில் இருபத்தாறு பேருக்குக் கேன்சர் என்று படிக்கத் தோன்றும். அது தவறு. ஒரு வருடத்தில் 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், போலி மாத்திரைக்காரர்களில் சுமார் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் எட்டு. அதே பத்தாயிரத்தில் பக்கவாதம் எட்டு கூடியது, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்கட்டி எட்டு கூடியது, இதய நோய் ஏழு கூடியது. இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைந்தது, பெருங்குடல் புற்றுநோய் ஆறு குறைந்தது. எட்டு பேரில் ஒருவர் நம் வீட்டுப் பெண் என்றால் அது சின்ன எண் அல்ல என்பது தெரிந்ததே. ஆனாலும் ‘எடுத்தால் வரும்’ என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

செய்தித்தாள்கள் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அனலில் வேகிற ஐம்பதுகாரிகள் அல்ல; மாதவிலக்கு நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்கள், ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படியத் தொடங்கிய வயது. ஹார்மோன் இதயத்தைக் காக்குமா என்று பார்க்கத்தான் அவர்களைச் சேர்த்தார்கள், காக்கவில்லை. இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியமானது. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களிடம் தனி ஆய்வு நடந்தது. அவர்களுக்குத் துணை ஹார்மோன் இல்லாமல் வெறும் ஈஸ்ட்ரோஜன் மட்டும். 2004இல் பக்கவாதம் கூடியதால் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய்? கூடவில்லை, நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்ததில் குறைந்தே இருந்தது. ஆக, அந்த எட்டுப் பேர் விஷயத்தில் விரல் நீள வேண்டியது ஈஸ்ட்ரோஜனைவிட அதன் துணையை நோக்கித்தான்.

துணை மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. ஈ3என் என்ற ஆய்வு. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியைகள். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், டீச்சர்கள் சொன்னால் டீச்சர் கேட்பார். ஈஸ்ட்ரோஜனோடு உடம்பில் ஊறும் அதே புரோஜெஸ்ட்ரோனை எடுத்தவர்களுக்கு, செயற்கைத் துணைகளை எடுத்தவர்களுக்குக் கூடிய மாதிரி மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஐந்து வருடத்தைத் தாண்டும்போது ஓரளவு கூடுவதாகப் பிற்பாடு தெரிந்தது. இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான், சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுத்த ஆய்வு அல்ல. எனவே நிச்சயம் குறைவு. உங்கள் டாக்டர் எழுதிய கேப்சூல் இந்தப் புரோஜெஸ்ட்ரோன்தான். தேர்ந்தெடுத்துத்தான் எழுதியிருக்கிறார்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். துணைதான் தொல்லை என்றால் துணையே வேண்டாமே என்று கேட்பீர்கள். கர்ப்பப்பை இருக்கிறதே, அதுதான் பதில். கர்ப்பப்பையின் உள்சவ்வு ஒவ்வொரு மாதமும் ஈஸ்ட்ரோஜனால் பயிர்போல வளர்கிறது. புரோஜெஸ்ட்ரோன் அதை முற்றவைத்து அறுவடைக்குக் கொண்டுவருகிறது. அறுவடைக்கு ஆளில்லாமல் வளர்ச்சி மட்டும் நடந்தால் சவ்வு தடித்துக்கொண்டே போகும். 1966இல் ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்று ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. மாதவிலக்கு நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் போட்டால் என்றும் இளமை என்று ஆசை காட்டியது. லட்சக்கணக்கான பெண்கள் வருடக்கணக்கில் வெறும் ஈஸ்ட்ரோஜனை விழுங்கினார்கள். 1975இல் அதற்கு விலை தெரிந்தது: கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் அவர்களிடம் பல மடங்கு கூடியிருப்பதாக ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 1990களில் இதை முறைப்படி அளந்தார்கள். மூன்று வருடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, புற்றுநோய்க்கு முன்படியாகக் கருதப்படும் வகையில் சவ்வு தடித்திருந்தது. புரோஜெஸ்ட்ரோனோ அதன் வகையோ சேர்த்துக்கொண்டவர்களிடம் அது போலி மாத்திரைக்காரர்களின் அளவிலேயே நின்றது.

ஆகவே அந்தக் கேப்சூலை ஜெல்லுக்கு உதவி என்று நினைக்காதீர்கள். அது கர்ப்பப்பைக்குக் காவல். தோலில் தடவினாலும் ஹார்மோன் ரத்தத்தில்தான் கலக்கிறது, ரத்தம் கர்ப்பப்பைக்கும் போகிறது. 2003இல் ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின் மேல் அச்சிடச் சொன்ன கட்டம் கட்டிய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடப் போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 நவம்பரில் அறிவித்தது. எடுக்காமல் விட்ட எச்சரிக்கை இதுதான்: வெறும் ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்றுநோய். கர்ப்பப்பை எடுத்துவிட்ட பெண்ணுக்குப் பொதுவாகக் கேப்சூல் தேவைப்படாது. ராத்திரியில் போடச் சொன்னது ஏனென்றால் புரோஜெஸ்ட்ரோன் கண்ணைச் செருகவைக்கும். தூக்கம் கெட்ட உங்களுக்கு அது லாபமே. சில கம்பெனிக் கேப்சூல்களில் கடலை எண்ணெய் இருக்கும். கடலை ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனையும் மாத்திரையாகவே கொடுத்திருக்கலாமே? கொடுக்கிறார்கள். ஆனால் விழுங்கிய எதுவும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். ஈஸ்ட்ரோஜன் மொத்தமாக வந்து இறங்குவதைக் கண்ட கல்லீரல், அதில் பெரும்பங்கை ஈஸ்ட்ரோனாக மாற்றிவிட்டு, கூடவே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் அதிகமாகச் செய்யத் தொடங்கும். காலில் கட்டி, அது கழன்று நுரையீரலுக்குப் போவது என்ற ஆபத்து இப்படி வருவதுதான். தோல் வழியாகப் போவது கல்லீரலை அப்படி முற்றுகையிடுவதில்லை. பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டி ஏறக்குறைய நான்கு மடங்கு. ஜெல்லோ தோலில் ஒட்டும் பட்டையோ போட்டவர்களுக்குக் கூடவே இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஜெல் வசதி: ஈஸ்ட்ரோஜனை விழுங்கினால் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம், தடவினால் பெரும்பாலும் வேண்டாம்.

தடவுகிற விதத்தில் சில சங்கதிகள் உண்டு. அட்டையோடு வரும் சீட்டை யாரும் படிப்பதில்லை என்பதால் சொல்கிறேன். குளித்துத் துடைத்தபின், மேல்கையிலோ தொடையிலோ, எண்ணெயோ பவுடரோ போடாத தோலில், ஒரு பெரிய பரப்பில் மெல்லிசாகப் பூச வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. மார்பில் பூசவே கூடாது. ஜெல்லில் சாராயம் கலந்திருக்கிறது. அது ஐந்து நிமிடத்தில் ஆவியாகிவிடும், ஹார்மோன் தோலின் மேலடுக்கில் தங்கி அன்று முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். காய்கிறவரை அது தீப்பற்றும். பூசின கையோடு சாமி விளக்கு ஏற்றவோ அடுப்பங்கரைக்கோ போகாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூசிய இடத்தைத் துணியால் மூடுங்கள். முக்கியமாகப் பேரப்பிள்ளைகள் அதில் முகத்தைத் தேய்க்கவோ மடியில் ஒட்டி உட்காரவோ விடாதீர்கள். பாட்டியோ அம்மாவோ பூசிய ஈஸ்ட்ராடயால் ஒட்டிக்கொண்டு, சின்னக் குழந்தைகளுக்கு மார்பு வளரத் தொடங்கிய சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன.

இந்த மருந்து எதற்கெல்லாம் நல்லது? அனலுக்கும் அதனால் கெட்ட தூக்கத்துக்கும் இதற்கு நிகரானது இன்னும் இல்லை. மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது, அதையும் தடுக்கும். நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றவர்களுக்கும், கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட இளம் பெண்களுக்கும் இது சலுகை அல்ல, அவசியம். இயல்பாக நிற்கிற வயதுவரையாவது எடுக்க வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ வழக்கம். நம் பக்கத்தில் முப்பத்தெட்டு வயதில் ஆபரேஷன் செய்துகொண்டு, சினைப்பையையும் எடுத்தார்களா என்பதே தெரியாமல், டிஸ்சார்ஜ் சீட்டையும் தொலைத்துவிட்டு நிற்கிற பெண்கள் எத்தனையோ பேர். யாருக்காவது உதவும் என்றால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

எதற்கு எடுக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. மாரடைப்பு வராமலிருக்க, ஞாபக மறதி வராமலிருக்க, தோல் மினுமினுக்க என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 65 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியவர்களிடம் மறதி நோய் குறையவில்லை, இரு மடங்கானது. அறுபதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்து வருடத்துக்குள் தொடங்குவதுதான் கணக்கு. நீங்கள் அந்தக் கோட்டுக்குள் நன்றாகவே இருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ ரத்தக்கட்டியோ வந்தவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருந்து, டாக்டரிடம் சொல்ல விட்டுப்போயிருந்தால் ஜெல்லைத் திறப்பதற்கு முன் போய்ச் சொல்லிவிடுங்கள். இதைத் தவிர்க்க வேண்டியவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. அனலுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் வந்திருக்கின்றன. சோயா மாவு பற்றிக் கேட்பீர்கள். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் சாயலுள்ள பொருள் உண்டு, ஆனால் மிகப் பலவீனமானது. சமையலில் சேர்க்கலாம், ஜெல்லுக்கு மாற்று ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகும். எரிச்சல், உறவில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. அனல் சில வருடங்களில் தானே அடங்கலாம், இது அடங்காது. வயதாக ஆகக் கூடும். இதற்குத்தான் மூவரில் சாதுவான ஈஸ்ட்ரியால். களிம்பாக உள்ளே வைத்துக்கொள்வது. ரத்தத்தில் கலப்பது சொற்பம், அதனால் கேப்சூல் துணை தேவைப்படுவதில்லை. 1993இல் இஸ்ரேலில் செய்து வெளியிட்ட ஓர் ஆய்வில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரியால் களிம்பு கொடுத்தார்கள். போலிக் களிம்பு வைத்தவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக ஆறு தடவை தொற்று வந்தது. ஈஸ்ட்ரியால் வைத்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் ஒன்று என்ற கணக்கு. காரணம் எளிது. உட்தோல் செழித்ததும், தயிரைப் புளிக்கவைக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் அங்கே திரும்பிக் குடியேறின. அந்த இடம் புளிப்பாகி, கெட்ட கிருமிகள் தங்க முடியாமல் போயின. மாதாமாதம் ஆன்டிபயாடிக் விழுங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ அம்மாக்களுக்கு இப்படி ஒரு களிம்பு இருப்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் ஆத்திரம்கூட உண்டு.

எத்தனை காலம் என்பது உங்களைப் பொறுத்தது. தொடங்குவதற்கு முன் ரத்த அழுத்தம், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்துவிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் ஒரு தடவையும் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் டாக்டரைப் பார்த்து, இன்னும் வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். ஆரம்ப மாதங்களில் லேசாக ரத்தக்கசிவு தெரியலாம். டாக்டரிடம் சொன்னால் போதும். ஆறு மாதத்துக்குப் பிறகும் வந்தாலோ, நின்றது மறுபடி வந்தாலோ, அதிகமாகப் பட்டாலோ, ‘பழையபடி மாதவிலக்கு வந்துவிட்டது’ என்று சந்தோஷப்படாமல் ஸ்கேன் எடுத்து உள்சவ்வின் தடிமனைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், முகம் கோணுதல் என்றால் டாக்டரின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறுத்தும் காலத்தில் சிலருக்கு அனல் திரும்பி வரும். சில வாரம் பொறுத்துப் பார்த்து, தாங்க முடியாவிட்டால் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவதில் தவறில்லை.